காகிதப்பூச் சாற்றுக்குக் கடன் கிடையாது

இங்கே எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. மார்ச் கணக்கு முடிப்பு, அதன் பின்னால் ஆடிட், அதன் பின்னால் பையனின் பரீட்சை. வங்கிக்காரன் வீட்டில் வருடம் முழுக்க யாருக்காவது கணக்கு ஒப்படைத்துக்கொண்டேதான் இருக்க வேண்டியிருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் சித்தப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். எங்கள் ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். காய்கறிச் சந்தைக்குப் பேர்போன இடம் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு மெட்ரோ ரயில் பார்க்க ஆசை. 2025 ஆகஸ்டில் மஞ்சள் தடம் திறந்ததிலிருந்து ஊரிலிருந்து யார் வந்தாலும் அதில் ஒரு சவாரி கூட்டிப் போவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. 'பயோகான் ஹெப்பகோடி' என்ற பலகையைப் பார்த்துவிட்டு, "கம்பெனிப் பேரையே ஸ்டேஷனுக்கு வச்சிட்டாங்களாப்பா?" என்று சிரித்தார்.

திரும்பி வரும்போது எங்கள் குடியிருப்பின் மதில் ஓரம் நின்றுவிட்டார். அங்கே காகிதப்பூச் செடி படர்ந்து ஒரு லாரி கொள்ளும் அளவுக்குப் பூத்திருக்கிறது. தோட்டக்காரர் வெட்டிப்போட்ட கிளைகள் குப்பை வண்டிக்காகக் குவிந்து கிடந்தன. சித்தப்பா ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்து பார்த்தார்.

"இதைக் குப்பையிலயா போடறீங்க? இது எனக்கு மருந்துப்பா."

எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஏன் என்று சொல்வதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன்.

(முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்தது பி.காம். உயிரியல் பாடத்தை பத்தாம் வகுப்போடு கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டவன். ஆனால் ஒரு விஷயம் மண்டையில் ஏறிவிட்டால் அது பற்றிக் கிடைப்பதையெல்லாம் படிக்காமல் தூக்கம் வராது. அந்த வியாதிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.)

2023 ஜூலை நினைவிருக்கிறதா? தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போன மாதம். நம் வீட்டு ரசத்தில் தக்காளி இல்லாமல் புளி மட்டும் கொதித்த மாதம். அந்த மாதம்தான் சித்தப்பாவின் ஒன்றரை ஏக்கர் தக்காளியும் போனது. குருத்து இலை வெண்கல நிறமாகி, நுனி கருகி, கொடி குட்டையாய் நின்றுவிட்டது. காய்த்த கொஞ்சம் காயிலும் வளையம் வளையமாகப் புள்ளி. "ஊரே தக்காளியைத் தங்கமா விக்குது, நம்ம காட்டுல மட்டும் கரியா நிக்குதுப்பா" என்று போனில் சொன்னார். அவர் அழுது நான் கேட்டதில்லை. அன்றைக்குக் குரல் அந்த அளவுக்கு வந்து நின்றது.

அவர் வைத்தியம் பார்க்காமல் விடவில்லை. மருந்துக்கடை பில்லெல்லாம் மஞ்சள் பையில் வைத்திருந்தார். பதினான்கு முறை தெளித்திருக்கிறார். எல்லாம் பயிர்க்கடன் பணம். அந்தப் பில்களை நான் வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். அத்தனையும் பூச்சி மருந்து. நோய் வைரஸ்.

இங்கேதான் எனக்கு முதலில் தூக்கிவாரிப் போட்டது. பயிருக்கு வந்துவிட்ட வைரஸ் நோயைக் குணப்படுத்தும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை. கடையில் கொடுப்பது வைரஸைச் சுமந்து வரும் பூச்சியைக் கொல்ல. மொட்டுக் கருகல் வைரஸை இலைப்பேன் கொண்டு வருகிறது, இலைச்சுருட்டை வைரஸை வெள்ளை ஈ கொண்டு வருகிறது. பூச்சி வந்து கடித்துவிட்டுப் போன பிறகு மருந்து அடிப்பது, திருடன் போன பிறகு லாக்கர் ரூமுக்குப் பூட்டு வாங்குவது மாதிரி. அடுத்த திருடனுக்கு உதவலாம். போன நகை வராது.

அப்படியென்றால் செடிகள் இத்தனை கோடி வருடமாக வைரஸோடு எப்படிப் பிழைத்து வந்தன? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படித்தபோதுதான் நம் மதில் ஓரக் காகிதப்பூவில் வந்து நின்றேன்.

எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

உயிருள்ள எந்தச் செல்லிலும் ரைபோசோம் என்று ஒரு பட்டறை இருக்கிறது. செல்லுக்கு வேண்டிய புரதமெல்லாம் அங்கேதான் தயாராகிறது. வைரஸுக்குச் சொந்தமாகப் பட்டறை கிடையாது. அது கையில் ஒரு ஆர்டர் காகிதத்தோடு வரும். நம் பட்டறைக்குள் நுழைந்து, நம் ஆளை வைத்து, நம் சரக்கில் தன் ஆர்டரை முடித்துக்கொள்ளும். முதல் இல்லாமல் நடக்கும் வியாபாரம்!

சில செடிகள் இதற்கு ஒரு முரட்டு வைத்தியம் வைத்திருக்கின்றன. அவற்றிடம் ஒரு புரதம் இருக்கிறது. அது ரைபோசோமையே செயலிழக்க வைத்துவிடும். எப்படி? ரைபோசோமுக்குள் ஆர்.என்.ஏ. என்ற நீண்ட இழை உண்டு. எலியின் ரைபோசோமை எடுத்துக்கொண்டால், அதன் பெரிய இழையில் 4,700-க்கும் மேற்பட்ட எழுத்துகள். அதில் 4324-வது இடத்தில் இருக்கும் ஒரே ஒரு அடினைனை இந்தப் புரதம் பிடுங்கி எறிகிறது. அவ்வளவுதான். பட்டறை முழுக்க நின்றுவிடும். ஐ.எஃப்.எஸ்.சி. கோடில் பதினோரு எழுத்தில் ஒன்று தப்பினால் பணம் போகாது அல்லவா, அந்த மாதிரி. இதை 1987-ல் ஜப்பானில் எண்டோவும் சுருகியும் கண்டுபிடித்தார்கள். அவர்கள் ஆராய்ந்தது ஆமணக்கு விதையில் இருக்கும் ரிசின் என்ற விஷத்தை. அதன் ஒரு மூலக்கூறு நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரைபோசோம்களை முடக்கக்கூடியது.

பட்டறையே நின்றால் செடியும் சாகாதா? இதற்குத்தான் செடி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறது. அமெரிக்காவில் போக்வீட் என்ற செடியில் பார்த்திருக்கிறார்கள். அந்தப் புரதத்தைத் தன் ரைபோசோம் பக்கமே விடாமல் செல்லுக்கு வெளியே சுவரில் வைத்துக்கொள்கிறது. பூச்சி ஊசி மாதிரி குத்தி வைரஸை உள்ளே விடும்போது சுவர் கிழிகிறது. வைரஸோடு சேர்ந்து புரதமும் உள்ளே போகிறது. அந்த ஒரு செல்லின் பட்டறை நிற்கிறது. செல் சாகிறது, வைரஸுக்கும் வேலை நடக்காமல் போகிறது. ஒரு வீட்டைக் கொளுத்தி ஊரைக் காப்பாற்றுவது என்று சொல்லலாம்.

அந்தப் போக்வீட் சாறு புகையிலை வைரஸைத் தடுக்கிறது என்று 1925-லேயே எழுதிவிட்டார்கள். நூறு வருடம் ஆகிவிட்டது. நம் நாட்டிலும் வேலை நடந்திருக்கிறது. லக்னோ பல்கலைக்கழகத்தில் எச்.என். வர்மாவும் அவரோடு இருந்தவர்களும் 1970-களின் கடைசியிலிருந்து மூக்கிரட்டை வேர், காகிதப்பூ இலை, வேலிக்கு வைக்கும் சங்கங்குப்பி இலை என்று ஒவ்வொன்றாகச் சோதித்திருக்கிறார்கள். டெல்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் 2000-களின் தொடக்கத்தில் காகிதப்பூவின் புரதத்தைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். ஜப்பானியர்கள் அந்திமந்தாரையில் எடுத்தார்கள். காகிதப்பூ, மூக்கிரட்டை, அந்திமந்தாரை மூன்றும் ஒரே குடும்பம். மூன்றும் நம் ஊர் வேலியிலும் வாசலிலும் சும்மா கிடப்பவை.

சாற்றைத் தெளிப்பதில் ஒரு நிபந்தனை உண்டு. நோய் வருவதற்கு முன் தெளிக்க வேண்டும். தெளித்த இலையில் வைரஸ் ஏறுவது குறைகிறது, தெளிக்காத இலைகளிலும் செடி ஒரு எதிர்ப்பை வளர்த்துக்கொள்கிறது என்று இந்த ஆராய்ச்சிகள் காட்டின. நோய் முற்றிய பிறகு பயன் இல்லை. காப்பீடு மாதிரி. வீடு எரிந்த பிறகு பாலிசி எடுக்க முடியாது.

இப்போது என் தலைகுனிவுக்கு வருகிறேன்.

பதவி உயர்வுக்காக நானும் கிராமக் கிளையில் இரண்டு வருடம் இருந்தவன். எந்த ஊர், எந்த வங்கி என்பதெல்லாம் வேண்டாம். நிலக்கடலை அதிகம் போடும் பகுதி. ஒரு நாள் ஒரு விவசாயி கடன் புதுப்பிக்க வந்தார். செலவுக் கணக்கைத் தன் பேத்தியின் நோட்டில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். விதை, உரம், உழவு, களை. நடுவில் ஒரு வரி: 'சோளத்தட்டுச் சாறு காய்ச்சித் தெளிக்க – கூலி 1,200'.

நான் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். "பில் இருக்கா பெரியவரே?" என்று கேட்டேன். "இலைக்கு ஏது சார் பில்லு?" என்றார். "அப்ப இது வேண்டாம்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த வருடம் அவர் கணக்கில் கலப்படமே இல்லை. எல்லாவற்றுக்கும் மருந்துக்கடை பில் இருந்தது. தணிக்கைக்கு அழகான கோப்பு.

சித்தப்பாவின் மஞ்சள் பையைப் பார்த்த பிறகுதான் அந்தப் பெரியவர் நினைவுக்கு வந்தார். தேடிப் பார்த்தால், நிலக்கடலை மொட்டுக் கருகலுக்கு அவர் எழுதியது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையேதான்! சோளம் அல்லது தென்னை இலையைக் காயவைத்துப் பொடித்து, ஒரு கிலோ பொடிக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் விட்டு, 60 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து, வடிகட்டி, பத்து லிட்டராக்கித் தெளிக்க வேண்டும். விதைத்த 10-ம் நாளும் 20-ம் நாளும் இரண்டு முறை. ஹெக்டேருக்கு 500 லிட்டர். அளவு, நாள், சூடு எல்லாம் போட்டுப் பல்கலைக்கழகம் எழுதி வைத்திருக்கிறது. பி.காம். படித்த நான் ஒரு பேனாக் கோட்டில் அதை ரத்து செய்திருக்கிறேன்.

இதை என் தனிப்பட்ட பாவம் என்று மட்டும் முடிக்க நான் தயாராக இல்லை. நான் வேலை செய்யும் முறையே அப்படித்தான் இருக்கிறது. பயிர்க்கடன் எவ்வளவு என்பதை 'கடன் அளவு' என்ற ஒரு பட்டியல் தீர்மானிக்கிறது. மாவட்டத் தொழில்நுட்பக் குழு உட்கார்ந்து, ஏக்கருக்கு விதை இவ்வளவு, உரம் இவ்வளவு, பூச்சி மருந்து இவ்வளவு என்று போடும். வாங்குகிற பொருளுக்கு வரி உண்டு, காய்ச்சுகிற சாற்றுக்கு வரி இல்லை. அதனால் விவசாயிக்கு நாங்கள் சொல்லாமல் சொல்லுவது இதுதான்: கடையில் வாங்கினால் அது வைத்தியம், வேலியில் பறித்தால் அது பொழுதுபோக்கு.

இதுவரை படித்த இயற்கை விவசாய நண்பர்கள் கை தட்டத் தயாராகியிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அடுத்தது உங்களுக்கு.

"இயற்கையானது, அதனால் கெடுதல் இல்லை" என்ற வாக்கியத்தை வாரத்துக்கு ஒரு முறையாவது ஏதாவது குழுவில் படிக்கிறேன். நான் இதுவரை சொன்ன அதே வகைப் புரதம்தான் குன்றிமணியில் இருக்கும் அப்ரின். அதே வகைதான் ஆமணக்கின் ரிசின். 1978-ல் லண்டனில் கியார்கி மார்க்கோவ் என்ற பல்கேரிய எழுத்தாளரின் காலில் குண்டூசித் தலை அளவு குண்டைச் செலுத்திக் கொன்றது ரிசின் என்றுதான் சொல்லப்படுகிறது. ரசாயனத் தொழிற்சாலை எதிலும் செய்ததல்ல, செடி செய்தது.

அப்படியானால் காகிதப்பூவும் கொல்லுமா? இரண்டு வகை உண்டு. இதற்கு எங்கள் வங்கியிலேயே உதாரணம் இருக்கிறது. பெட்டக அறையைத் திறக்க இரண்டு சாவி வேண்டும். ஒன்று மேலாளரிடம், ஒன்று காசாளரிடம். ஒரு சாவி மட்டும் வைத்திருப்பவன் கதவுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். ரிசினிலும் அப்ரினிலும் இரண்டு சங்கிலிகள் ஒட்டியிருக்கின்றன. ஒன்று நம் செல்லின் கதவைத் திறக்கிறது, மற்றது உள்ளே போய் ரைபோசோமை முடக்குகிறது. காகிதப்பூ, அந்திமந்தாரை, பாகற்காய் வகைகளில் இருப்பது முடக்கும் சங்கிலி மட்டும்தான். கதவைத் திறக்கும் சாவி இல்லாததால் அதன் வீரியம் நமக்கு மிகக் குறைவு. மிகக் குறைவு என்றுதான் சொல்கிறேன், இல்லவே இல்லை என்று சொல்லவில்லை.

அதற்கும் ஒரு கதை இருக்கிறது. நம் புடலங்காய்க்குச் சீனாவில் ஒரு உறவுச் செடி உண்டு. அதன் கிழங்கில் எடுத்த டிரைகோசாந்தின் என்ற புரதம் எய்ட்ஸ் கிருமியைத் தடுக்கிறது என்று 1989-ல் ஆய்வுக்கூடத்திலிருந்து செய்தி வந்தது. அப்போது எய்ட்ஸுக்கு நல்ல மருந்து இல்லாத காலம். சாகப் போகிறவர்கள் காத்திருப்பார்களா? அமெரிக்காவில் அரசு அனுமதிக்குக் காத்திராமல், 'காம்பவுண்ட் க்யூ' என்ற பெயரில் அதை ஊசியாகப் போட்டுக்கொண்டார்கள். சிலர் கோமாவுக்குப் போனார்கள், மரணங்களும் நடந்தன. கடைசியில் அது மருந்தாகவும் வரவில்லை. ஒற்றைச் சாவிக்காரனை ஊசி வழியாக உள்ளே விட்டால் அவனும் கைவரிசை காட்டுவான் என்று தெரிந்துகொள்ள அவர்கள் கொடுத்த விலை பெரிது.

1990-ல் பாகற்காயிலும் இப்படி ஒரு புரதம் கண்டுபிடித்தார்கள். உடனே பாகற்காய்ச் சாறு குடித்தால் எந்த வைரஸும் வராது என்று இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கிறது. புரதம் என்றால் சூட்டில் கெடும், வயிற்றில் செரிக்கும். முட்டையை வேகவைத்தால் என்ன ஆகிறது என்று சமையல் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாகற்காய்ப் பொரியல் நல்ல கறி, சாப்பிடுங்கள். காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போங்கள். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

போகிற போக்கில் வீட்டுக்கு வேண்டிய ஒரு விஷயம். நம்மில் பலர் விநாயகர் சதுர்த்திக்கு ஹெப்பகோடியில் களிமண் பிள்ளையார் வாங்கினாலும், கண்ணுக்குக் குன்றிமணி ஊரிலிருந்து கொண்டுவந்து வைக்கிறோம். பல்லாங்குழியிலும் போட்டு ஆடுகிறோம். முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் ஓட்டின் கெட்டியால் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்து மென்றுவிட்டால் ஆபத்து. மணிக்கணக்கில், சில சமயம் ஒரு நாள் கழித்துக்கூட, வாந்தியும் பேதியுமாக ஆரம்பிக்கும். குழந்தை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்ரினுக்கு முறிமருந்து என்று இன்னும் எதுவும் புழக்கத்தில் இல்லை. இதே பெங்களூரில், இந்திய அறிவியல் கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் அதைத் தடுக்கும் ஒரு எதிர்ப்புரதத்தை உருவாக்கி எலிகளில் சோதித்து 2008-ல் வெளியிட்டார்கள். மருந்தாக அலமாரிக்கு வர அதற்கு இன்னும் தூரம் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பிள்ளையாருக்கு இப்போது மிளகுக் கண். அவர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆக, என் கருத்து என்ன?

இரண்டு பக்கமும் ஒரே தப்பைச் செய்கிறோம். வங்கியும் அதிகாரமும் 'பில் இல்லை, அதனால் பயன் இல்லை' என்கின்றன. மூலிகைப் பிரியர்கள் 'இயற்கை, அதனால் கெடுதல் இல்லை' என்கிறார்கள். இரண்டு பேருமே அளந்து பார்க்கவில்லை. 

எங்கள் கிளைக்கு நகை மதிப்பிட வரும் பெரியவர் ஒருவர் உண்டு. அவருடைய தாத்தா தங்கத்தைக் குன்றிமணி வைத்துத்தான் நிறுத்தாராம். ஒரு குன்றிமணி ஏறக்குறைய 0.12 கிராம். எட்டு கிராம் சவரனுக்கு அறுபத்தைந்து குன்றிமணி கிட்டத்தட்ட வரும். எடுத்தால் விஷம், ஆனால் எடைக்கு நாணயம்! பெரியவர் எந்த நகையையும் பார்த்த மாத்திரத்தில் நல்லது கெட்டது சொல்ல மாட்டார். உரைகல்லில் தேய்ப்பார், எடை போடுவார், அப்புறம்தான் வாயைத் திறப்பார்.

இலைச்சாற்றுக்கும் உரைகல் இருக்கிறது. மொட்டுக் கருகல் வைரஸை தட்டைப்பயறு இலையில் தேய்த்தால் சில நாளில் புள்ளி புள்ளியாக விழும். ஒரு இலையில் வெறும் வைரஸ், இன்னொன்றில் சாறு தடவிய பின் வைரஸ். இரண்டிலும் புள்ளியை எண்ணிப் பார்த்தால் சாற்றின் தரம் எண்ணாகவே தெரிந்துவிடும். ஆராய்ச்சிக்காரர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். இதற்கு ராக்கெட் விஞ்ஞானம் வேண்டியதில்லை. ஒரு வலைக்கூடமும், தட்டைப்பயறு விதையும், பயிற்சி பெற்ற இரண்டு பேரும் போதும். மாவட்டத்துக்கு ஒரு வேளாண் அறிவியல் நிலையத்தில் இதைச் செய்து, இந்தத் தொகுதிச் சாறு இவ்வளவு வீரியம், இத்தனை நாளுக்குள் பயன்படுத்தவும் என்று ஒரு சீட்டு ஒட்டிக் கொடுத்தால், அன்றைக்கே அது பில் போடக்கூடிய பொருளாகிவிடும். பில் வந்தால் கடன் பட்டியலில் ஒரு வரி வரும். வரி வந்தால் என்னைப் போன்றவன் பேனாவை எடுக்க மாட்டான்.

"இவ்வளவு நல்லது என்றால் ஏன் கம்பெனிகள் செய்யவில்லை?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. இலை எல்லார் வேலியிலும் இருக்கிறது. ஒருவன் பணம் போட்டு, சோதித்து, பதிவு செய்து விற்க ஆரம்பித்தால், பக்கத்துக்காரன் வேலியில் பறித்துக்கொள்வான். போட்ட காசுக்குக் காவல் இல்லை. மேலும் புரதம் உப்பு மாதிரி மூட்டையில் கிடக்காது, வெயிலில் கெடும். விதையிலேயே வைத்துவிடலாம் என்று 1993-ல் போக்வீட் மரபணுவைப் புகையிலையிலும் உருளைக்கிழங்கிலும் வைத்துப் பார்த்தார்கள். பல வைரஸ்களைத் தாங்கின, உண்மைதான். ஆனால் புரதம் அதிகமான செடிகள் வளர்ச்சி குன்றி நின்றன. இரண்டு பக்கமும் கூரான கத்தி என்பது அங்கேயும் தெரிந்தது. அதனால்தான் இதைத் தனியார் லாபத்துக்கும் விடாமல், பாட்டி வைத்தியத்துக்கும் விடாமல், பொதுப்பணத்தில் செய்ய வேண்டும் என்கிறேன்.

முடியாது என்று சொல்பவர்கள் எங்கள் ஊர் மெட்ரோ பலகையைப் பார்க்கலாம். 1978-ல் பெங்களூரில் ஒரு வாடகை வீட்டுக் கார் கொட்டகையில் கிரண் மஜும்தார் தொடங்கிய பயோகான், முதலில் விற்ற சரக்குகளில் ஒன்று பப்பாளியிலிருந்து எடுத்த பப்பெய்ன். அதுவும் ஒரு செடிப் புரதம்தான். அப்போது வங்கிகள் தனக்குக் கடன் தரத் தயங்கியதை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வங்கிக்காரனாக அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் காது சிவக்கும். சோதித்து, அளந்து, சீட்டு ஒட்டியபோது பப்பாளிப் பால் ஏற்றுமதிச் சரக்கானது. காகிதப்பூ ஏன் ஆகக்கூடாது?

கடைசியாக, சித்தப்பா கதையின் மிச்சம். 2024-ல் அவர் நாற்றங்காலிலேயே காகிதப்பூச் சாறு தெளிக்க ஆரம்பித்தார். பயிர் நன்றாக வந்தது. கடனில் பாதி அடைத்தார். "பாத்தியா?" என்று போனில் சிரித்தார். நான் சந்தோஷப்பட்டேன், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருடம் சாறு தெளிக்காத பக்கத்துக் காட்டிலும் நோய் குறைவாகத்தான் இருந்தது. ஒரு வருடக் கணக்கை வைத்து நான் யாருக்கும் கடன் கொடுப்பதில்லை, சாற்றுக்கும் சான்றிதழ் கொடுக்க மாட்டேன். அளந்து சொல்ல வேண்டியவர்கள் அளந்து சொல்லட்டும். அதுவரை அவர் தெளிப்பதைத் தடுக்கவும் மாட்டேன்.

ஊருக்குக் கிளம்பும்போது மதில் ஓரம் இன்னொரு முறை நின்றார். "ஏப்பா, உங்க பேங்குல இதுக்குக் கடன் குடுப்பீங்களா?" என்று விளையாட்டாகக் கேட்டார்.

"இன்னும் இல்ல சித்தப்பா" என்றேன்.

உங்கள் ஊரில் யாராவது இலைச்சாறு தெளித்துப் பார்த்திருந்தால், எந்த இலை, எந்தப் பயிர், எந்த நாளில், தெளிக்காத பாத்தி எப்படி இருந்தது என்று எழுதுங்கள். அந்தக் கடைசி விவரம்தான் முக்கியம். 'சூப்பரா வந்துச்சு' என்பது போதாது. வங்கிக்காரன் புத்தி, மன்னித்துக்கொள்ளுங்கள்.